வெயிலில் வைத்த கூடைகள்

முதல் தடவை அனுப்பியபோது பெட்டியிலும் கூடையிலும் பழம் ஒரே மாதிரிதான் கோட்டயம் போய்ச் சேர்ந்தது. அதுதான் சிக்கல்.

ஜேசுராஜும் ஆதித்தனும் வேளாண் பொறியியல் கடைசி வருடம். திராட்சை நசுங்காமல் போய்ச் சேர, காற்றுத் துளை வைத்த மரப்பெட்டி ஒன்றை வடிவமைப்பது அவர்களுடைய பிராஜெக்ட். சுருளிப்பட்டியில் பொன்னுராஜ் தன் தோட்டத்துப் பழத்தைச் சோதனைக்குக் கொடுத்திருந்தார். அறிக்கையைப் பார்த்த பேராசிரியர், "வித்தியாசமே இல்லையென்றால் பெட்டி எதற்கு?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வித்தியாசம் வராததற்குக் காரணம் கருத்தம்மாள். அந்தத் தோட்டத்தில் கூடை அடைப்பவள். அடியில் வைக்கோல் பரப்பி, காம்பு குத்தாமல் கொத்துகளை அடுக்கி, மேலே பேப்பர் மூடி, சணல் போட்டுத் தைப்பாள். அவள் அடைத்த கூடை என்றால் கோட்டயம் கமிஷன் கடையில் பிரித்துப் பார்க்காமலே எடுப்பார்கள்.

இரண்டாவது சோதனையன்று பொன்னுராஜ் கம்பத்துக்குப் போயிருந்தார். கருத்தம்மாள் காலையிலேயே கூடைகளைத் தைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். லாரி சாயங்காலம்தான் வரும். ஆதித்தன் பெட்டிகளை மோட்டார் அறைக்குள் வைத்தான். பிறகு கூடைகளைப் பார்த்தான்.

"இத ரோட்டுக்கிட்ட வச்சிருவோம்டா. லோடு ஏத்த வசதி."

"அங்கன நெழலே இல்லையே."

"இல்லதான். அதுக்கென்ன?"

ஜேசுராஜ் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை.

கூடைகள் சாறு ஒழுகக் கோட்டயம் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் டிரங்க் கால் போட்டுப் பொன்னுராஜைத் திட்டினார். அறிக்கையில் வித்தியாசம் அருமையாக வந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "இரண்டையும் ஒரே நிலையில்தான் வைத்திருந்தீர்களா?" என்றார். ஆதித்தன், "ஆமா சார்" என்றான். ஜேசுராஜ் தலையாட்டினான். அந்த வருடத்தின் சிறந்த பிராஜெக்ட் அதுதான்.

கோட்டயத்திலிருந்து லாரியில் திரும்பி வந்திருந்த பெட்டிகளை எடுத்துப் போக ஜேசுராஜ் மறுபடி தோட்டத்துக்கு வந்தான். கருத்தம்மாள் பந்தலுக்கடியில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூடை அடைக்கிறவளுக்கு அந்த வேலையைக் கொடுக்க மாட்டார்கள்.

"வாங்க தம்பி. பாஸாயிட்டீகளா?"

"ஆயிட்டேன்க்கா."

"நல்லது. எங்கையால ஒங்க படிப்பும் கெட்டுப்போச்சோன்னு பயந்து கெடந்தேன். ஈரக் கொத்த வச்சுத் தச்சுட்டேன் போல. என்ன கெரகமோ."

அவள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றாள். அவனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஒங்க கை தப்பலக்கா. நாங்கதான் கூடைய வெயில்ல வச்சோம். வேணும்னே."

"ஏன்யா?"

"பெட்டி நல்லாருக்குன்னு காட்ட."

"பொட்டி நல்லாருந்தா தானாத் தெரியாதா?" அவள் குரலில் மரியாதை போய்விட்டது. "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? மொதலாளி அங்கன இருக்காக. அவுககிட்டப் போயிச் சொல்லு."

பொன்னுராஜ் மோட்டார் அறை வாசலில் இருந்தார். ஜேசுராஜ் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் சிரித்தார்.

"அதான பாத்தேன். அவ கை தப்பாதே."

"அப்ப அவுகளத் திரும்ப அடைக்கச் சொல்லுவீங்களா?"

"எதுக்குப்பா? கோட்டயத்துக்காரன் இனிமே பொட்டிதான் வேணுங்கான். போடியில பொட்டிக்கு மரம் அறுக்கச் சொல்லியாச்சு. பொட்டியில அடுக்க அவ எதுக்கு, எவன் வேணா அடுக்கலாம். நீதானய்யா அப்பிடிச் செஞ்சு குடுத்த!"

முதுகில் தட்டிக் கொடுத்தார். 'பயிற்சி இல்லாதவரும் அடுக்கலாம்.' அறிக்கையின் முதல் பக்கத்தில் ஜேசுராஜ் எழுதிய வரி அது. எழுதும்போது அவன் அதைப் பெட்டியின் நல்ல குணம் என்றுதான் நினைத்தான். அதில் பொய்யும் இல்லை.

கருத்தம்மாள் வாய்க்கால் ஓரம் காத்து நின்றாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"ஒங்க கை தப்பாதுன்னு சொன்னாக."

அவள் முகம் தெளிந்தது. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப அடுத்த வெட்டுக்கு என்னைய அடைக்கச் சொன்னாகளா?"

அவன் பெட்டிகளை எடுத்துத் தோளில் வைத்தான்.

"பஸ்ஸு வந்திருச்சுக்கா" என்றான்.

ரோட்டில் பஸ் எதுவும் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது.