மல்சூன் தன் பெயரில் வாசித்தார்

கொரியாவிலிருந்து ஒரு பெண் கவிஞர் வந்து ஒரு மாதம் தங்கப் போகிறார் என்று வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா லவீனியா சொன்னபோது, இன்னொரு அறை கூட்ட வேண்டும் என்றுதான் எமிலியானா நினைத்தாள். மன்னாரிலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்த நாள்முதல் லிபெர்த்தா தெருவில் இருந்த அந்த வீட்டில்தான் அவளுக்கு வேலை. சிஞ்ஞோரா ஓய்வுபெற்ற ஆசிரியை. நகரத்தில் ஒரு கவிதைச் சங்கத்தை நடத்தி வந்தார்.

1997 ஒக்ரோபரில் யூன் மல்சூன் வந்திறங்கினார். கட்டையாக வெட்டிய தலைமயிர், ஒற்றைப் பை. அவர் சொல்வதை இத்தாலியனில் சொல்ல, பலெர்மோவில் பாட்டுப் பயிலும் ஜிஹே என்ற கொரியப் பெண் கூடவே இருந்தாள்.

ஒரு நாள் எமிலியானா திரைச்சேலைக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் நூல் சிக்கிவிட்டது. மல்சூன் வந்து அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். சிக்கலை எடுத்து, முழுக் கரையையும் ஒரே ஓட்டத்தில் தைத்து முடித்தார். அவருடைய சுட்டுவிரல் நகத்தின் நடுவே ஒரு தழும்பு இருந்தது.

"கவிதை எழுதுறவைக்குத் தையலும் தெரியுமோ?" என்று எமிலியானா இத்தாலியனில் கேட்டாள்.

ஜிஹே அதைக் கொரிய மொழியில் சொன்னதும் மல்சூன் சிரித்தார். "தையல்தான் முதல். கவிதை பிறகு வந்தது."

பதின்மூன்று வயதில் கொரியத் தலைநகர் சோலில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். எழுதக் கடதாசி இல்லாததால், அளவு கீறும் சோக்கால் வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளில் கவிதை எழுதினார். துண்டுகள் மெஷின் மெஷினாகக் கைமாறின. தொழிலாளரைத் தூண்டிவிடும் எழுத்து என்று ஒருநாள் பொலிஸ் வந்து, துண்டோடு பிடிபட்ட பெண்ணை அடிக்கத் தொடங்கியது.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றாள் எமிலியானா.

"எழும்பி நிண்டு, 'நான்தான் எழுதினனான், என்ரை பேர் யூன் மல்சூன்' எண்டு சொன்னன்."

இரண்டு வருடம் சிறை. அங்கே எழுத எதுவும் கிடைக்கவில்லை. மனதுக்குள்ளேயே எழுதி, மறக்காதிருக்கத் தினமும் சொல்லிப் பார்த்து, வெளியே வந்து புத்தகமாக்கினார்.

தழும்பைப் பற்றிய கவிதையை அன்று அவர் சொன்னார். மாலையில் எமிலியானாவைக் கூட்டிப் போக வந்த கணவன் அலோசியசுக்கு அவள் அதைத் தமிழில் சொன்னாள். மல்சூன் பக்கத்தில் நின்று, ஒரு சொல்லும் விளங்காமல், கடைசிவரை கேட்டார்.

சங்கம் ஒழுங்குசெய்த மல்சூனின் கவிதை வாசிப்புக்கு இரண்டு நாள் முன்பு நிகழ்ச்சித் தாள் அச்சாகி வந்தது. நிலவு, மழை, பேரிமரம் பற்றிய கவிதைகள் மட்டுமே அதில் இருந்தன; தொழிற்சாலைக் கவிதை ஒன்றுகூட இல்லை. ஜிஹே வாசித்துச் சொன்னதும் மல்சூன் அவளையும் கூட்டிக்கொண்டு நேரே சிஞ்ஞோராவிடம் போனார். எமிலியானா கோப்பிக் கோப்பைகளோடு வாசலில் நின்றுவிட்டாள்.

"சனம் சந்தோசமாய் ஒரு பின்னேரத்தைக் கழிக்க வருகுது, மல்சூன்," என்றார் சிஞ்ஞோரா.

"நிலவும் நான் எழுதினதுதான். ஆனால் தைச்ச பெட்டையை வெளியிலை நிப்பாட்டிப்போட்டு நான் மட்டும் உள்ளுக்கு வரமாட்டன்."

சிஞ்ஞோரா தாளை மேசையில் வைத்தார். பிறகு பேனாவை எடுத்து, மேலே தன் கையாலேயே அந்தத் தழும்புக் கவிதையின் பெயரை எழுதினார். "இதையே முதலில் வாசியுங்கள்," என்றார்.

வியா மக்வேதா தெருவில் இருந்த பழைய மண்டபம் அன்று நிறைந்தது. பின்வரிசைகளில் தமிழர்கள். "எங்கடை வீட்டிலை இருக்கிறவ வாசிக்கப் போறா, கட்டாயம் வாங்கோ" என்று ஞாயிறு பூசை முடிந்து தேவாலய வாசலில் எமிலியானா ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

மல்சூன் அந்தக் கவிதையைத் தாள் இல்லாமல் கொரிய மொழியில் சொன்னார். ஒரு நடிகர் இத்தாலியனில் வாசித்தார். கைதட்டல் அடங்கியதும் மல்சூன் பின்வரிசையைப் பார்த்து, "எமிலியானா!" என்று கூப்பிட்டார்.

அவள் அலோசியஸைத் திரும்பிப் பார்த்தாள். "போமன், உனக்குத் தெரியும்தானே," என்றார் அலோசியஸ். அவள் மேடையேறி, தங்கள் சனத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"ஊசி என்ரை விரலுக்குள்ளை போச்சு.
சூப்பவைசர் முதல் துணியைத்தான் பாத்தான்.
ரத்தம் படேல்லை எண்டு மூச்சு விட்டான்.
நான் என்ரை பேரை நானே கூப்பிட்டன்.
ஓம், இருக்கிறன் எண்டன்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிஞ்ஞோராதான் முதலில் எழுந்து கைதட்டினார்.

கடைசியில் ஒரு பேராசிரியர், கவிஞருடைய பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார். மல்சூன் ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார்.

"நான் நாலாவது பெட்டை. கடைசிப் பெட்டையாய் இருக்கட்டும் எண்டு வைச்ச பேர். புத்தகம் போடேக்கை வடிவான பேர் ஒண்டு வையுங்கோ எண்டு பதிப்பகத்தார் கேட்டவை. இந்தப் பேரிலைதான் என்னை வேலைக்கு எடுத்தவை, இந்தப் பேரிலைதான் பூட்டி வைச்சவை. கவிதைக்கு மட்டும் ஏன் வேறை பேர்?"

மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது.

வெளியே வந்தபோது வழியில் கண்ட இத்தாலியர்களையெல்லாம் மறித்து, "எழுதினவ இவ, தமிழிலை சொன்னவ என்ரை மனுசி," என்று அலோசியஸ் அரைகுறை இத்தாலியனில் சொல்லிக்கொண்டே வந்தார். எமிலியானா வெட்கத்தில் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மல்சூன் அவளுடைய மற்றக் கையைக் கோத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து, தெருவின் நடுவே நடந்தார்.