கேமரா தலையில் ஒரு பெட்டி

அக்காவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, அத்தான் கடைக்குப் போய் கேமராவுக்குப் புதுக் கேபிள் வாங்கிவந்தார். வேறு புருஷனாக இருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதிருப்பான். இவர் கேபிளைச் சுருள் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் கல்யாண வீடியோ எடுப்பவர். கேமரா கிழடு. புதிது வாங்க வழியில்லை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார், "இந்த மாதிரி கண்ணு இப்ப எதுல வருது?" என்பார், லென்ஸைத் தட்டிக் காட்டி. கண் நல்லதுதான். ஆனால் அது பார்த்ததைத் தனக்குள் இருக்கும் கார்டில் பதியும்போது நசுக்கிச் சப்பையாக்கிவிடும். அதற்காகத்தான் அதன் தலையில் ஒரு ரெக்கார்டர் பெட்டியை மாட்டினார். படம் கேபிள் வழியாக நசுங்காமல் பெட்டிக்குப் போய்ப் பதிவாகும். பழைய கேமராவில் புதுக் கேமராவின் படம் வரும். அதன்பிறகு கேமராவுக்குள் கார்டு போடுவதையே விட்டுவிட்டார். பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அவளுடைய ஐந்து வயது மகளை எல்லோரும் குட்டி என்போம். அம்மா வாயால் எறும்புக் கதை கேட்காமல் குட்டி தூங்கமாட்டாள். அந்தக் கதையையும், அவள் வளர்ந்த பிறகு கேட்க நாலு வார்த்தையையும் பதிந்துவைக்க வேண்டும். ஏற்கெனவே அக்காவின் தொண்டை கரகரத்துப் போயிருந்தது, பேசினால் வலித்தது. "ஒரு தடவதான் என்னால முடியும்" என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். மறுநாள் ஆபரேஷன்.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு அக்காவை உட்காரவைத்தார். விளக்கை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். அவள் கழுத்தில் மைக்கைக் குத்தினார். எண்ணெய் வழிகிறது என்று துண்டால் அவள் முகத்தை மேஜை துடைப்பதுபோல் துடைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று என் ஃபோனை எடுத்து நானும் பதிய ஆரம்பித்தேன்.

"என்னங்க, பேசலாமா?" என்றாள் அக்கா.

"வாய மூடு. இன்னும் ஃபோகஸ் வரல."

அப்போதுதான் என் கையைப் பார்த்தார். "அத இங்க குடு."

"இருக்கட்டுமே அத்தான், ஒண்ணுக்கு ரெண்டா இருக்கும்."

"ஃபோன்ல எடுத்தா மூஞ்சி சேறு மாதிரி இருக்கும். அப்புறம் அதத்தான் ஊரெல்லாம் அனுப்புவீங்க. நான் எடுத்தத எவன் பார்ப்பான்?" பிடுங்கி அணைத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அக்கா பேசினாள். சர்க்கரை மூட்டையைத் தூக்கப் பார்த்த எறும்பைப் பற்றி, குட்டிக்குப் பிடித்த இடங்களில் குரலை மாற்றி மாற்றிச் சொன்னாள். பிறகு குட்டியிடம் நேராகவே பேசினாள். அந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதமாட்டேன், அவை குட்டியுடையவை. முடித்ததும் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அத்தான் பெட்டியின் திரைமேல் குனிந்தபடி, "இமை முடிய ஒவ்வொண்ணா எண்ணலாம் போலிருக்கு!" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கழுத்தில் ஓட்டையோடு வீட்டுக்கு வந்தாள். ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்திருந்தோம். அத்தான் எல்லோரையும் டிவி முன்னால் உட்காரவைத்துப் படத்தைப் போட்டார்.

பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு படம். அக்காவின் கழுத்து நரம்பு ஏறி இறங்குவதும், கண்ணோரத்தில் நீர் கோத்து நிற்பதும் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோல் தெரிந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை.

டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாண வீடியோவுக்கு யார் சத்தம் பதிகிறார்கள்? ஜெனரேட்டர் இரைச்சலும் சமையல்காரர் கத்தலும் யாருக்கு வேண்டும்? எல்லாவற்றின் மேலும் பாட்டைப் போட்டு மூடிவிடுவதுதான் தொழில். அதனால் பெட்டி வந்த அன்றைக்கே அதில் ஒலியை அணைத்துவைத்தார். சத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் கோடுகள் படத்தை மறைக்கின்றன என்று அவற்றையும் எடுத்துவிட்டார். பழக்க தோஷம். அன்றைக்கு மைக்கிலிருந்து கேமராவுக்குள் போன சத்தம் எங்கேயும் பதிவாகவில்லை.

"எறும்புக் கதை எங்கம்மா?" என்றாள் குட்டி.

அத்தான் சட்டென்று தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "உன் குரலும் அவ குரலும் ஒரே மாதிரிதான? அவ என்ன பேசினாளோ எழுதிக் குடுக்கட்டும். நீ பேசு. உதட்டுக்குச் சரியா நான் பொருத்திடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். காது நன்றாகக் கேட்கும் அவளுக்கு. சிலேட்டை எடுத்து எழுதி அவரிடம் நீட்டினாள்.

'படம் நல்லா இருக்கு.'

"இல்ல?" என்றார் அத்தான், முகம் மலர்ந்து. அன்று அந்த மனிதரை வெறுத்ததுபோல் நான் யாரையும் வெறுத்ததில்லை.

அப்போதுதான் என் ஃபோனில் பதிந்தது நினைவுக்கு வந்தது. அவர் பிடுங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பதிவாகியிருந்தது. போட்டேன். சேறு மாதிரிதான் இருந்தது படம். குரல் மட்டும் தெளிவு.

"என்னங்க, பேசலாமா?"

"வாய மூடு. இன்னும் ஃபோகஸ் வரல."

அதற்குப் பிறகு ஃபோனுக்காக நானும் அத்தானும் பேசியதுதான். அக்காவின் குரல் என்று உலகத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். குட்டி ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என் பேச்ச மட்டும் வெட்டிடறேன். ரெண்டு நிமிஷ வேலை" என்று கெஞ்சினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோதும் ஆட்டினாள்.

இப்போது குட்டி அதைக் கேட்டுத்தான் தூங்குகிறாள். இரண்டு பேர் பேச்சும் அவளுக்கு மனப்பாடம். நேற்று சாப்பிடும்போது அத்தான் தன் பெட்டியைப் பற்றி யாரிடமோ சொல்ல ஆரம்பித்தார். குட்டி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், அவர் குரலிலேயே சொன்னாள்:

"வாய மூடு. இன்னும் ஃபோகஸ் வரல."

அக்கா சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சத்தம் மட்டும் வரவில்லை.