மிஷின் பேசிய பாஷை

கடையின் பின்பக்கத்தில் இரண்டு முட்டுகளின் மேல் ஒரு மரத்துண்டைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்து மேசையில் இரண்டு சங்கிலி ரம்பங்கள். ஒன்று பெட்ரோல், மற்றது பேட்டரி. "ரெண்டுலயும் அறுத்துப் பாருங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரம்மா டீ குடிக்கப் போய்விட்டாள். மரம் வெட்டுகிறவனுக்கு அவசரமும் இல்லை, ஆசையும் இல்லை. பழைய மிஷின் போன வாரம் பாதி மரத்தில் எஞ்சின் இறுகி உயிரை விட்டிருந்தது. வேறு வழியில்லாமல்தான் வந்திருந்தான்.

கூடவே மச்சான், மனைவியின் அண்ணன். இவன் மேலே ஏறி அறுப்பான். அவர் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெட்டிய கிளை எவர் கூரையையும் பதம் பார்க்காமல் இறக்குவார். இருபத்தாறு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

விரல் நுனிகள் வெளுத்து மரத்துப்போவதை மட்டும் அவரிடம் அவன் சொல்லவில்லை. அதிர்வு குறைந்த மிஷினுக்கு மாறு, இல்லையென்றால் தொழிலை விடு என்று டாக்டர் கறாராகச் சொல்லி மாதம் மூன்றாகிறது. காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது மனைவிதான்.

முதலில் பெட்ரோல் மிஷினை எடுத்தான். இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அறுத்து முடித்ததும் பழக்கதோஷத்தில் ஆக்சிலேட்டரை இரண்டு தரம் விட்டு விட்டு அமுக்கினான். மச்சான் சட்டென்று இரண்டடி பின்னால் போய், கயிற்றை இழுப்பதுபோல் கையை இழுத்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மரத்தின் மேலிருந்து நீளமாக ஓர் உறுமல் என்றால் பொறு. குட்டையாக இரண்டு என்றால் கயிற்றை இழு. மூன்று என்றால் ஓடு. ஒருதரம் கிளையில் குளவிக்கூடு இருக்கிறதென்று மூன்று அமுக்கியதில், மரம்தான் சாய்கிறதென்று மச்சான் பஸ் ஸ்டாப் வரை ஓடிவிட்டார். பிறகு பாகப்பிரிவினையில் மனஸ்தாபம் வந்து இரண்டு பேரும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒருநாளும் வேலை நிற்கவில்லை. மேலேயிருந்து இவன் அமுக்க, கீழே அவர் இழுக்க, உறவு அறுந்துபோகாமல் மிஷின்தான் பார்த்துக்கொண்டது. அந்த இரண்டு மாதத்தைக்கூட இப்போது நினைத்தால் அவனுக்கு இனித்தது. உறுமல் இல்லாத பேட்டரி மிஷின் விரலை எடுத்ததும் செத்ததுபோல் கிடக்கும். அதை வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசுவது?

மிஷினை வைத்துவிட்டுக் கையைப் பாக்கெட்டில் நுழைத்துக்கொண்டான். "இதையே எடுத்துக்கலாம் மச்சான்."

"கையை எடு."

"என்ன?"

"பாக்கெட்டுலேர்ந்து கையை எடு மாப்ளே."

எடுத்தான். மூன்று விரல்கள் சுண்ணாம்பு தொட்டதுபோல் இருந்தன. மச்சான் அவற்றைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு வரத் தேய்த்தார்.

"தங்கச்சி எப்பவோ சொல்லிட்டா. நீயா வாயத் தொறப்பேன்னு நானும் மூணு மாசமா பாக்குறேன்."

அவன் பேட்டரி மிஷினை எடுத்தான். மூக்கு லேசு, பின்பக்கம் கனம். வைரம் பாய்ந்த இடத்தில் கொஞ்சம் திணறத்தான் செய்தது. ஆனால் கையில் அந்தக் குடைச்சல் இல்லை. பாதி வெட்டில் விரலை எடுத்தான். சத்தம் சட்டென்று நின்றது.

முதுகுக்குப் பின்னால் யாரோ முணுமுணுப்பது கேட்டது.

"மெதுவா மாப்ளே… காலைப் பாத்து வை… அவ்வளவுதான், அவ்வளவுதான்…"

அவன் திரும்பினான். "என்ன மச்சான் சொல்றீங்க?"

"எப்பவும் சொல்றதுதான்."

"எப்பவுமா?"

"நீ மரத்துல ஏறுன முத நாள்லேர்ந்து. அந்தச் சத்தத்துல உனக்கு எங்க கேக்கும்?"

அவன் மறுபடி மரத்துண்டின் பக்கம் திரும்பி அமுக்கினான். நான்கு விரற்கடை இறங்கியதும், நிறுத்த ஒரு காரணமும் இல்லாமல் நிறுத்தினான். பின்னால் மச்சான், இல்லாத கயிற்றை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.