தழும்பு இல்லாத வயிறு

சீமாட்டி என்ற தன் நாயின் வயிற்றைத் தையல்காரி மூன்றாவது முறையாகத் தடவியபோது, தடித்த காம்புகள் விரலில் தட்டுப்பட்டன. தின்று கொழுத்த வயிறு இப்படி இருக்காது. தைத்துக்கொண்டிருந்ததை மிஷினிலேயே விட்டுவிட்டு, நாய் பிடிக்கும் வண்டிக்காரருக்குப் போன் செய்தாள்.

வந்தவர் முதலில் பார்த்தது காதைத்தான். இடது காதின் நுனியில் சின்ன வெட்டு. கருத்தடை ஆன தெருநாய்க்கு அதுதான் அடையாளம். அதைக் காட்டித்தான் குடியிருப்புச் செயலாளரிடம் நாயை வைத்துக்கொள்ள அவள் அனுமதி வாங்கியிருந்தாள். "நாய் இருக்கட்டும். குட்டி போட்டா எல்லாம் வெளியே" என்று அவர் அன்றே சொல்லிவிட்டார்.

"காது வெட்டியிருக்கே தங்கச்சி. நானே வெட்டினது."

"காதை வெட்டினீங்க அண்ணே. வயித்தைத் தொட்டீங்களா?"

"அதெப்படித் தொடாம..."

"பரீட்சையே எழுதாதவளுக்குப் பாஸ் போட்டு அனுப்பிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. நாயைச் சாய்த்துப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே மயிரை இரண்டு கட்டைவிரலாலும் விலக்கிப் பார்த்தார். தனக்கு ஏதோ உபசாரம் நடக்கிறது என்று சீமாட்டி காலைத் தூக்கிக்கொடுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு இருந்திருக்க வேண்டும். இல்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். கருத்தடை செய்யும் டாக்டரம்மாவின் முறைப்படி, வயிற்றில் தையல் போட்ட பிறகுதான் காதை வெட்ட வேண்டும். முன்பு ஒரு முறை வண்டிக்காரர் காதை வெட்ட மறந்துவிட்டார். அடுத்த வருஷம் அதே நாய் வண்டியில் வந்தது. பழைய தழும்பைக் கவனிக்காமல், எடுக்க ஒன்றுமில்லாத வயிற்றை டாக்டரம்மா திறந்தார்; அது மேஜையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அதிலிருந்து, ஊசி மருந்தில் நாய் மயங்கியதுமே முதல் வேலையாகக் காதை வெட்டுவது வண்டிக்காரரின் வழக்கமாயிற்று. மூன்று மாதத்துக்கு முன்னால், அப்படி வெட்டிய கையோடு கரண்ட் போனது. கடைசி நாயான சீமாட்டியை நாளைக்குப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மறுநாள் காலை கூண்டுகளை வண்டியில் ஏற்றும்போது வண்டிக்காரர் காதுகளை மட்டும் பார்த்துச் சீமாட்டியையும் ஏற்றிவிட்டார்.

"இப்ப ஆபரேஷன் பண்ண முடியாதா?"

"நாள் நெருங்கிருச்சு. டாக்டரம்மா தொட மாட்டாங்க."

"நீங்க காதை முதல்லயே வெட்டுறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா கத்திரியை வாங்கி வச்சிக்குவாங்க. அப்புறம் நான் வண்டி கழுவலாம்."

செயலாளர் படியிறங்கி வந்தார். வண்டி நிற்பதை மாடியிலிருந்தே பார்த்திருப்பார்.

"என்னம்மா, உங்க சீமாட்டிக்கு உடம்பு பூசினாப்பல இருக்கு?"

"கட்டி சார். வயித்துல கட்டி."

"கட்டிக்குப் பால் சுரக்குமா?"

அவள் சீமாட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். செயலாளர் வண்டிக்காரரைக் காட்டினார்.

"நீங்க என்னை ஏமாத்தினீங்களா, இல்ல இவங்க உங்களை ஏமாத்தினாங்களா? இவங்க தப்புன்னா எழுதிக் குடுக்கட்டும். குட்டி கண்ணு தொறந்து ஓடுற வரைக்கும் நான் மத்தவங்ககிட்டப் பேசிப் பாக்கிறேன். இல்லேன்னா நாளைக்கே நாய் இங்க இருக்கக் கூடாது."

தையல்காரி அளவு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மிஷின் மேல் வைத்தாள். வண்டிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை உருவி, மறுபடி கோத்தாள்.

"வேணாம்னா விடுங்க அண்ணே. எங்கயாவது கொண்டுபோய் வச்சிப் பாத்துக்கிறேன்."

"எங்க வைப்பே?"



வண்டிக்காரர் அவளிடம் பேனாவை வாங்கி முதலில் தேதியைப் போட்டார். அதற்குக் கீழே 'மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு' என்று எழுதினார். செயலாளர் தாளை எட்டிப் பார்த்தார்.

"எனக்கில்ல எழுதணும்?"

"உங்களுக்கு ஒரு பிரதி தரேன் சார். இது அங்க போகணும்."

அடுத்த வரிக்கு என்ன வார்த்தை போடுவது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். சீமாட்டி துணி வெட்டும் மேஜைக்கு அடியில் நுழைந்து, கிடந்த துண்டுத்துணிகளை ஒவ்வொன்றாக வாயால் இழுத்து மூலையில் சேர்க்கத் தொடங்கினாள். நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய ரவிக்கையின் ஒரு கையும் அதோடு போனது. தையல்காரி அதைத் திருப்பி எடுக்கவில்லை.