ஆறாத தாள்

லத்தீன்-தமிழ் அகராதியின் முந்நூற்றுப் பதினேழாம் பக்கம் அச்சாகி வந்த நாளிலிருந்து ஆறவே இல்லை. பைண்டிங் பெண்கள் அதில் குளிர் காய்ந்துகொண்டார்கள். மேலாளர் மை சரியில்லை என்று எழுதி வைத்தார். அந்தப் பக்கத்தில் கோணலாக வெட்டுப்பட்ட ஒரு தாளைக் கழிவில் போட மனமில்லாமல் அங்கே புத்தகம் தைக்கிறவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவள் புருஷன் ஐஸ் கம்பெனியில் பாளம் தூக்குகிறவன், எழுத்து தெரியாதவன். கோழி கைவிட்ட முட்டை அந்தத் தாளின் மேல் இருபத்தோராம் நாள் பொரிந்ததை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்ததுதான் வயிற்றெரிச்சல். "எவன் எழுதிக் குடுத்தது?" என்றான். "ஒரு சொல்லுக்கு அர்த்தம் போட்டிருக்கு, அவ்வளவுதான். காகிதத்தோடயா போட்டிக்கு நிக்கிறீங்க?" என்றாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். "உன் வீட்டு அடுப்புல எவனோ விறகு வெக்கிறான் மாப்ளே," என்று கூட்டாளி வேறு தூபம் போட்டான்.

கிழித்துப் போட்டிருப்பான். ஆனால் ஆள் யாரென்று தெரியாமல் கிழிக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் லாரி டிரைவரிடம் எழுத்துப் படித்தான். ஐஸ் பாளத்தின் மேல் விரலால் எழுதுவான், ஆனா ஆவன்னா எல்லாம் உருகி ஓடும், மறுநாள் மறுபடி. இப்படி மூன்று வருஷம். அதற்குள் கூட்டாளிகள் இரண்டு பேருக்கு ஐஸ் குளிரில் விரல் மரத்துச் செத்துப்போனது. இவனுக்குப் பத்தும் பத்திரம். இரும்பு உடம்பு என்று பீற்றிக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளை மடியில் போட்டு எழுத்துக்கூட்டினான். ஃபோவேரே. வினைச்சொல். வெதுவெதுப்பாக வை, அடைகாத்திரு, ஒத்தடம் கொடு, பேணு, துணை நில். எரிதலைக் குறிக்கும் பழைய வேரிலிருந்து வந்தது. ஆள் பெயர் எங்கும் இல்லை.

"வேரு நெருப்புதான்னு போட்டிருக்கு. நான் அப்பவே நெனச்சேன்," என்றான் விடாமல். "சரி, அடைகாத்தது கோழிமுட்டைய. ஒத்தடம் யாருக்கு?"

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "முழிச்சிருந்தா கிட்ட விடுவீங்களா? தூங்கினப்புறம் தினம் உங்க கைய எடுத்து அதுல வெச்சேன்."

அவன் தன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தான்.

அன்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. தாள் இருவருக்கும் நடுவில் கிடக்கும். ஆனாலும் பொறாமை முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்ததும், அது யார் பக்கம் அதிகம் நகர்ந்திருக்கிறது என்று சாண் போட்டு அளந்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான்.