எட்டாவது பல்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து வந்தது. முட்டையில் மஞ்சள் கருவைத் தனியாகவும் வெள்ளைக் கருவைத் தனியாகவும் பிரிக்கிற ஒரு கருவி. கடையில் அதற்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அது ஓட்டைக் கரண்டி. கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவு வளையம், அதிலிருந்து நடுவை நோக்கி எட்டுப் பற்கள். முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கரு பல் நுனிகளின் மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை இடுக்கு வழியாக வழுக்கிக் கீழே கிண்ணத்தில் இறங்கிவிடும்.

இன்று காலை கழுவும்போது எண்ணினேன். ஏழு பல் முழுசாக இருந்தது. எட்டாவதன் நுனியைக் காணோம்.

(எண்ணினேன் என்று எழுதுகிறேன். கரண்டியின் பல்லை யாராவது சும்மா எண்ணுவார்களா? விரலில் குத்தியது. அப்புறம்தான் எண்ணினேன்.)

அந்த வெள்ளைக் கருவில் தினமும் காலை ஆம்லெட் சாப்பிடுகிறவர் என் மாமனார். மஞ்சள் கரு கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்றுக் காலையிலிருந்து இருமுகிறார். "இன்னிக்கு முட்டை வேண்டாம்மா, தொண்டை ஒரு மாதிரி இருக்கு" என்று மகளிடம் சொல்லிவிட்டு இப்போது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மகள், அதாவது என் மனைவி, வேலைக்குப் போய்விட்டாள். காணாமல் போன துண்டு அரிசிமணி அளவுதான் இருக்கும். ஆனால் உடைந்த இடம் ஊசி மாதிரி இருக்கிறது.

பத்தடி நடந்து போய் அவரிடம் கேட்காமல் சமையலறை மேசையில் உட்கார்ந்து கதை எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2.

"பிளாஸ்டிக் தொழிற்சாலையின் சோதனை மேசையில் அன்றும் வழக்கம்போல—" அடித்துவிட்டேன். செய்திப்படத்தின் பின்னணிக் குரல் மாதிரி இருக்கிறது.

"பயம் என்பது மனிதனுக்கு—" ஐயோ, வேண்டவே வேண்டாம்.

"பூதக்கண்ணாடிக்கு அன்று விரலில் பிளாஸ்திரி." இது இருக்கட்டும்.

பூதக்கண்ணாடி என்பது பட்டப்பெயர். ஆள் முப்பத்தைந்து வயதுப் பெண். இந்தக் கரண்டியைச் செய்கிற தொழிற்சாலையில், அச்சிலிருந்து வந்து விழுகிற சாமான்களில் குறை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பார்ப்பது என்று பேர்தானே தவிர, தெளிந்த பிளாஸ்டிக்கில் கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது. இடது கை ஆள்காட்டி விரலால் எட்டுப் பல்லையும் ஒரு சுற்றுத் தடவுவாள். பிசிறோ விரிசலோ இருந்தால் விரல் நின்றுவிடும். பதினோரு வருஷமாகத் தடவிய விரல். "இவ விரலுக்குக் கண்ணு இருக்குய்யா" என்பார் சூப்பர்வைசர். அவள் வெளியே உதட்டைச் சுழித்துக்கொள்வாள், உள்ளுக்குள் குளிர்ந்துபோவாள்.

அன்று காலை வெங்காயம் நறுக்கும்போது அந்த விரலையே அறுத்துக்கொண்டுவிட்டாள்.

"சார், இன்னிக்கு மட்டும் வேற யாரையாவது உட்கார வைங்க."

"யாரை வைக்கிறது? லாரி வந்து நிக்குது. உனக்கு இன்னொரு கை இருக்கில்ல?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"ஒரு நாள் தெரியலன்னா குடி முழுகிடாது. தடவிவிடும்மா."

தடவினாள். வலது கை விரலுக்கு எல்லாமே வழவழவென்றுதான் இருந்தது. வழக்கமாகப் பெட்டிக்கு நாலைந்து தள்ளுபடி ஆகும். அன்று சாயங்காலம் வரை தள்ளுபடிக் கூடையில் ஒன்றுகூட விழவில்லை. போகும்போது அந்தச் சரக்கிலிருந்தே ஒன்றைக் கேட்டு வாங்கி, வழியில் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: யாரும் கெட்டவர்கள் இல்லாமலே நடக்கிற இந்தத் தவறைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பெருமைப்படுகிற நேரமா இது என்று கேட்காதீர்கள். ஹாலில் இருமல் கேட்கிறபோது மனுஷன் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டியிருக்கிறது.)

3.

மூன்றாம் நாள் பிளாஸ்திரியைப் பிரித்தாள். விரல் சரியாகிவிட்டதா என்று பார்க்க, விரல் அறுபட்ட அன்றைய சரக்கில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்துத் தடவினாள். ஐந்தாவது பல்லில் விரல் நின்றது. மயிரிழை விரிசல். நகத்தால் லேசாக அழுத்தினாள்.

டிக்.

நுனி தெறித்தது. மேசையில் தேடினாள், மடியில் தேடினாள், குனிந்து தரையில் கையால் துழாவினாள். பட்டப்பெயரே பூதக்கண்ணாடி, அவளுக்கே அகப்படவில்லை. தண்ணீர் நிறத்துத் துண்டு. வெள்ளைக் கருவில் கிடந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. சட்டியில் விழுந்து ஆம்லெட் வெளுத்துவிட்டால் அதற்குள்ளேயே புதைந்துவிடும். இதையெல்லாம் அவள் ஒரே மூச்சில் நினைத்தாள். அடுத்த மூச்சில் அக்கா நினைவு வந்தது.

அக்கா வீட்டில் வெள்ளைக் கரு சாப்பிடுகிறவர் யார்?

"அக்காவின் மாமனார், எழுபது வயது—" என்று எழுதினேன். எழுதின கையோடு அடித்துவிட்டேன். இப்போது அந்த வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இருக்கிறது. மஞ்சளைக் கொடுத்தால் த்தூ என்று துப்பிவிடும், வெள்ளையை மட்டும் கேட்டு வாங்கும். குழந்தையைக் காட்டி வாசகரைப் பயமுறுத்துவது கேவலமான உத்தி, தெரியும். ஆனால் இல்லாத குழந்தைக்காகப் பயப்படுவது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

(இருமல். இந்தத் தடவை நீளமாக. பேப்பரை மடிக்கிற சத்தம். காலடிச் சத்தம். இங்கேதான் வருகிறார்.)

4.

ஓட்டைக் கரண்டியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"என்ன மாப்பிள்ளை, கதையா?"

"ஆமா மாமா."

"யாராவது சாகறாங்களா?"

"இன்னும் முடிவு பண்ணல மாமா."

"கொன்னுடாதீங்க. காசு குடுத்துப் படிக்கிறவன் பாவம்." சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தொண்டையின் இடது பக்கத்தை இரண்டு விரலால் நீவிவிட்டுக்கொண்டார்.

"உங்க கரண்டி நல்ல கரண்டிதான் மாப்பிள்ளை. நான்தான் நீங்க வாங்கிட்டு வந்த அன்னிக்குக் கிண்டல் பண்ணிட்டேன். என்ன, நேத்து ஆம்லெட்ல ஏதோ நறுக்குன்னுச்சு. முட்டை ஓடு போலிருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க, வருத்தப்படுவா."

நான் அப்போது கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. துப்பினீங்களா மாமா, முழுங்கினீங்களா? மூன்றே வார்த்தை. சிறு பிள்ளைகூடக் கேட்டுவிடும். துப்பினேன் என்றால் எல்லோரும் பிழைத்தோம். முழுங்கினேன் என்றால் இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"சரி மாமா, சொல்லல" என்றேன்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மகள் ஆசையாகத் தட்டில் போட்டதை அவள் எதிரிலேயே துப்புகிற ஆள் இல்லை அவர். வெந்ததோ வேகாததோ, தட்டில் விழுந்தது எல்லாம் நல்லாயிருக்கும்மா என்றுதான் உள்ளே போகும். எனக்கு எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

கதைக்கு வருகிறேன்.

5.

பூதக்கண்ணாடி அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள். படிக்கட்டு ஏறும்போதே உள்ளே குழந்தையின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டாள். கேட்கவில்லை. அழைப்பு மணியை அழுத்தினாள். கதவு திறந்தது.

"என்னடி இந்த நேரத்துல? வேலைக்குப் போகலையா? மூஞ்சி ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?"

இப்போது அவள் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பாள்?

"அக்கா, நான் குடுத்தேனே ஒரு கரண்டி, அதுல எத்தனை பல்லு—" புரியாது. அக்கா சிரிப்பாள்.

"அக்கா, பாப்பாவுக்கு உடம்பு நல்லாதானே—" அக்கா பயந்துவிடுவாள்.

"அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்." இதுதான் சரி. ஆனால் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை? அவள் என்ன தப்புச் செய்தாள்? வேறு ஆளை வையுங்கள் என்று சொன்னாளே, சொல்லிப் பார்த்தாளே. வாய் வராதது அவளுக்கு இல்லை.

"மாமா, முந்தாநாள் நான் அந்தக் கரண்டியைக் கீழே—"

எழுதிவிட்டேன். அடிக்கப் போவதில்லை. முதல் பகுதியில் நான் சொன்னது பாதிதான். முந்தாநாள் சாயங்காலம் கழுவும்போது அது என் கையிலிருந்து நழுவிக் கல் தரையில் விழுந்தது. இரண்டு தடவை எம்பிக் குதித்தது. எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாட்டிவைத்தேன். துண்டு அப்போதே தெறித்ததோ, ஒட்டியும் ஒட்டாமலும் இருந்து மறுநாள் முட்டையோடு இறங்கியதோ, தெரியாது. தரையில் கிடக்கிறதா என்று இன்று காலை முழங்காலிட்டுத் தேடினேன். ஈரத்துணியால் மூலை முடுக்கெல்லாம் ஒற்றி எடுத்தேன். கிடைக்கவில்லை.

தொழிற்சாலை, லாரி, வலது கை விரல் எல்லாம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். தப்பு என் கையை விட்டு எங்கேயாவது போனால் போதும் என்று பார்த்தேன். போய்ச் சேர்ந்த இடத்திலும் ஒரு பெண் வாசலில் வாயடைத்து நிற்கிறாள்.

6.

முடிவுகள்.

அ) அக்கா கரண்டியை எடுத்து வந்து நீட்டுகிறாள். பூதக்கண்ணாடி இடது விரலால் தடவுகிறாள். எட்டும் இருக்கிறது. இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், சிரித்துச் சிரித்து ஒருத்தி அழுகிறாள். இது உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் என் சட்டைப்பையில் இருப்பதை நான் தடவிப் பார்த்துவிட்டேனே.

ஆ) ஏழுதான் இருக்கிறது. குழந்தை தூங்குகிறது. இரண்டு பேரும் தொட்டில் பக்கத்தில் நின்று மூச்சை

ஆ-வை முடிக்க முடியவில்லை.

இ) அவள் கேட்காமலே திரும்பிவிடுகிறாள். சும்மா பார்க்க வந்தேன் அக்கா என்கிறாள். அப்புறம் வாழ்நாள் முழுக்க அந்தக் குழந்தை எப்போது இருமினாலும் இவளுக்குத் திக்கென்கிறது. கடைசியில் இப்படித்தான் முடிக்கலாம் என்றிருந்தேன். இலக்கியமாக இருக்கிறது என்று நீங்களும் சொல்லியிருப்பீர்கள். பத்தடி தூரத்தில் ஒரு மனுஷர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இலக்கியமாம்.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு எழுதுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். பூதக்கண்ணாடியை உங்களிடம் விட்டுவிடுகிறேன். வாசலில் நிற்கிறாள், கொஞ்சம் துணைக்கு இருங்கள். நான் எழுந்து ஹாலுக்குப் போய்க் கரண்டியை அவர் கையில் கொடுத்து, விழுந்ததைச் சொல்லி, அந்த மூன்று வார்த்தையைக் கேட்கப் போகிறேன். திட்டினால் திட்டட்டும். மகளிடம் சொன்னால் சொல்லட்டும். செருப்பு வாசலில்தான் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போக ஐந்து நிமிஷம்.

இதற்குக் கீழே பக்கம் காலியாக இருந்தால் நான் எழுந்து போய்விட்டேன் என்று புரிந்துகொள்ளுங்கள். இன்னும் ஒரு வரி இருந்தால், இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

இருமல் நின்றுவிட்டது.