வடக்கே தலை வைத்த கட்டில்

நான் சொன்னால் சொன்னதுதான். என் புருஷன் மகேஷ் இதைக் கல்யாணமான மறுமாசமே தெரிந்துகொண்டார். என் மாமியார் பெரியம்மாளுக்குத்தான் இன்னும் மண்டையில் ஏறவில்லை.

இஸ்ரேலில், ஹைஃபா நகரத்தில் இடுப்பெலும்பு உடைந்து படுத்திருந்த மிரியம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. லீவில் செந்துறைக்கு வந்து இறங்கினால், வீட்டில் எல்லாரும் இடிந்துபோய்க் கிடக்கிறார்கள். பக்கவாதத்தில் விழுந்த மாமா சாமிதுரை நாலைந்து நாளாகச் சரியாகக் கஞ்சி குடிக்கவில்லை. ஸ்பூன் கிட்டே போனாலே வாயை இறுக்கிக்கொள்கிறார். பேச்சும் போய்விட்டது.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு சுகன்யா," என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடலாம்."

எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் வெளிநாடு போவதை ஊரே வாயில் போட்டு மென்றபோது, "போயிட்டு வாம்மா" என்று பஸ் ஏற்றிவிட்ட மனுஷன் அவர். அவ்வளவு லேசில் விட்டுவிடுவேனா?

ஹீப்ரூவில் 'மபாட்' என்றால் பார்வை என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மிரியம் அம்மா ஒருநாள் "மபாட், மபாட்" என்று கத்தியபோது நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து நீட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, தலையணையைத் தட்டி என்னையே படுக்கச் சொன்னார். படுத்தேன். நான் பெருமையாக அடுக்கி வைத்த மருந்து அலமாரி ஜன்னலை மொத்தமாக மறைத்திருந்தது. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மாமாவின் கட்டிலைப் பார்த்தேன். தெற்கே தலை. வாசலும் தெற்கே, தலைமாட்டுப் பக்கம். அவருக்கு எதிரே வெறும் சுவர்.

"கட்டிலத் திருப்பிப் போடணும்."

"வடக்க தலை வச்சா? ஆகவே ஆகாது! ஆளை அனுப்பிட்டுத்தான் மறுவேலை பாப்பியா?"

"அப்ப நீங்க இதுல ஒருக்கா படுத்துப் பாருங்க அத்தை."

மாமாவைத் தூக்கி நாற்காலியில் சாய்த்தோம். மகன் முன்னால் புருஷன் கட்டிலில் படுப்பதா என்று அத்தைக்கு ஒரே வெட்கம். நான் விடவில்லை. படுத்தாள். மகேஷுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் வாசல் வழியாக வந்து, தினமும் அப்பாவுக்குக் கொடுப்பது போலவே தலைமாட்டில் நின்று ஸ்பூனை நீட்டினார்.

"ஆத்தீ!" அத்தை பதறி முகத்தைத் திருப்பி வாயை இறுக்கிக்கொண்டாள். கஞ்சி கழுத்தில் வழிந்தது.

"எங்கேருந்து வருதுன்னே தெரியலயே," என்றவள் அழுதுவிட்டாள். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கட்டிலின் ஒரு முனையைத் தானே பிடித்தாள்.

"என்னடா வேடிக்கை பாக்குற? அந்தப் பக்கம் புடி."

வடக்கே தலை வைத்து மாமாவைப் படுக்கவைத்தோம். அத்தை கஞ்சியைச் சூடுபண்ணப் போனாள். தெருவில் பஸ் போனது. மாமா அதைப் பார்த்தார். அப்புறம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிண்ணத்தோடு வந்த அத்தை இன்னும் நிலைப்படியைத் தாண்டவில்லை. அதற்குள் அவர் வாயைத் திறந்திருந்தார்.